அரச ஊழியர் அல்ல, ஆமிக்காரர்

என் அன்பு வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் கதையைத் தொடங்கினால், "வாசலுக்குப் போய்த் திரும்ப வா" என்று அனுப்பிவிடுவீர்கள். ஆகவே முதலில் சலாம், பிறகுதான் சண்டை. ஓம், சண்டைதான். நீங்கள் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் உங்கள் மகள் யார் யாரோடு சண்டை பிடித்தாள் என்று கேட்டால், நீங்களே தலையில் கை வைப்பீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உம்மா இத்தா இருக்கிறா. வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல், நடு அறையில் ஓதிக்கொண்டிருக்கிறா, சாப்பாட்டுக்கு மட்டும் சண்டை பிடிக்கிறா. உங்கள் கதிரையில் ஒருவரையும் உட்கார விடுவதில்லை. அதில் துவைத்த உடுப்பை மடித்து அடுக்கி வைக்கிறா, யாராவது கேட்டால் "அதில சாமான் கிடக்கு" என்று சொல்லிச் சமாளிக்கிறா. வயல் வெட்டு முடிந்துவிட்டது. சம்மாந்துறையில் உங்கள் மகன் நஸீர் காக்காவின் உழவு மெஷின் சாமான் கடையில் இப்போது நிற்க இடமில்லாத கூட்டம்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் மவுத்தான அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொன்னார்கள். இன்னாருடைய கணவரும், இன்னார் இன்னாருடைய தகப்பனாருமான, ஓய்வுபெற்ற அரச ஊழியர் அலியார் அவர்கள் வபாத்தானார்கள் என்று. நான் உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தது, உறைக்கவில்லை. யாரோ அவசரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த வாரம், பாடசாலையில் படிப்பித்து முடித்துக் கடற்கரை வீதியால் வந்தேன். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியின் சுவர் எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் உள்ளே போவதில்லை, ஆனால் வீதியில் நின்றாலே பலகைகளை வாசிக்கலாம். சுனாமிக்குப் பிறகு எது யாருடைய கபுறு என்று தெரியாமல் ஊரே தவித்ததால்தான், தலைமாட்டில் நடும் மீசான் கட்டையோடு பெயர்ப்பலகையும் வைக்கலாம் என்று பள்ளிவாசல் அனுமதித்தது. பெயர், தொழில், மவுத்தான நாள், அவ்வளவுதான். ஒருவர் மீன் வியாபாரி, ஒருவர் தச்சுத் தொழிலாளி. உங்களுக்குப் பக்கத்தில் கிடப்பவர் பஸ் நடத்துநர். உங்கள் பலகையில் மட்டும், 'ஓய்வுபெற்ற அரச ஊழியர்'.

எனக்கு வந்த கோபத்துக்குச் சுவரேறிக் குதித்திருப்பேன். அபாயா விடவில்லை.

அரச ஊழியராம்! எந்தக் கந்தோரில், எந்த மேசையில்? இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில், மண்மூட்டைக்குப் பின்னால் கிடந்தவர் நீங்கள். ஷெல் விழுந்து இடது காது கேளாமல் போய், மழைக்காலத்தில் முழங்கால் மடிக்க ஏலாமல் வந்தவர். மீன் விற்றவர் மீன் விற்றேன் என்று படுத்திருக்கலாம். நீங்கள் மட்டும் மாறுவேடத்தில் படுத்திருக்க வேண்டுமா?

ஊரில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? அலியார் என்று கூப்பிட்டவர்களை விரல் மடித்து எண்ணலாம். கடையில் ஆமிக்காரர், பஸ்ஸில் ஆமிக்காரர், நிக்காஹ் கடிதத்தில்கூட ஒருமுறை 'ஆமிக்காரர் குடும்பம்' என்று எழுதி வந்தது. எனக்கு வந்த மூன்று கலியாணப் பேச்சு அந்தச் சொல்லால் குழம்பியது. "ஆமிக்காரர்ர மகளாம், கை நீட்டுமாம்" என்று ஒரு மாமி சொன்னாவாம். நீங்கள் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "அப்ப நல்லம் மகள், பயந்தவன் வரமாட்டான்" என்றீர்கள். என் மாப்பிள்ளை வந்தார்தானே? இன்று வரைக்கும் அடி வாங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு நீங்கள் முதலில் ஆமி, பிறகுதான் வாப்பா. காலையில் நகம் பார்ப்பீர்கள். சப்பாத்துக்கு நீங்களே பொலிஷ் போட்டு, அதில் என் முகம் தெரிகிறதா என்று குனியச் சொல்வீர்கள். உம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எனக்குத் தலை பின்னியது நீங்கள்தான். நீங்கள் பின்னிய பின்னலில் லொறியைக் கட்டி இழுக்கலாம், கண்ணிரண்டும் மேலே இழுபட்டு நிற்கும். பாடசாலையில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் மாலை வரைக்கும் ஒரு மயிர் குலையாது.

இந்த ஊரில் ஆம்பிளைகள் சந்தையில் சாமான் வாங்குவார்கள், பையைத் தூக்குவது பெண்ணாக இருக்கும். நீங்கள் உம்மாவைக் கைவீசி நடக்க விட்டு, இரண்டு கையிலும் பையோடு பின்னால் வந்தீர்கள். அக்கரைப்பற்று பஸ்ஸில் மடியில் மூன்று பூசணிக்காயோடு நீங்கள் இருந்ததைப் பார்த்து யாரோ நக்கலடிக்க, "இதத் தூக்குறதுக்குத்தான் ஆமியில பழக்கினவங்க" என்றீர்களாம். உம்மா இத்தாவில் இருந்துகொண்டும் இதைச் சொல்லிச் சிரிக்கிறா, சிரித்து முடித்து அழுகிறா.

கடல் வந்த அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் அப்போது பென்சன் எடுத்து வந்துவிட்டீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினீர்கள். "கதவுகளக் கழட்டுங்கடா!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கழற்றிய கதவுகளில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். பிள்ளைகளையெல்லாம் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, தலை எண்ணி, சம்மாந்துறைப் பக்கம் அனுப்பினீர்கள். என் தலையை எண்ணும்போது கன்னத்தைக் கூடத் தடவவில்லை, "பதினேழு" என்று மட்டும் சொன்னீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் நான் காக்காவிடம் சொன்னேன். நஸீர் காக்கா கடையில் காசுப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"பலகை எழுதக் குடுத்தது ஆரு காக்கா?"

"நான்தான்."

"அறிவித்தலுக்கு?"

"அதுவும் நான்தான். இப்ப என்ன அதுக்கு?"

"ஆமி எண்டு போட உங்களுக்கு வெக்கமா?"

"ஜெஸீமா, கடையில ஆக்கள் நிக்கிறாங்க. அரச ஊழியர்தானே அவரு? சம்பளம் அரசாங்கம்தானே குடுத்த? பொய்யா அது?"

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை மடக்கியது. "வாப்பாவே சொல்லாம நிண்டவருதானே. செக்பொயின்ட்ல என்ன நடந்த எண்டு நீதானே அழுதழுது சொன்ன?"

உண்மைதான். தேவாலயங்களில் குண்டு வெடித்து முஸ்லிம்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்த அந்த வருடம், நானும் நீங்களும் அக்கரைப்பற்றிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் உங்களைச் சட்டையைத் தூக்கச் சொன்னான். தூக்கினீர்கள். நீங்கள் சிங்களத்தில் பதில் சொல்ல, இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று சந்தேகமாகக் கேட்டான். "வேலை செஞ்ச இடத்தில" என்று மட்டும் சொன்னீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் பிறக்கும் முன்பே அந்த உடுப்பைப் போட்டவர் நீங்கள்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா சலூட் அடிச்சி விட்டிருப்பான்தானே வாப்பா!"

"ஓம், என்ன விட்டிருப்பான்," என்றீர்கள். "எனக்குப் பின்னால நாப்பது பேர் நிண்டாங்க. அவங்களும் முஸ்லிம்தான். அவங்கள ஆரு விடுவான்?"

இதைக் காக்காவுக்கு அப்படியே திருப்பிச் சொன்னேன். வாப்பா சலுகை வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை, பயத்தில் ஒருநாளும் மறைக்கவில்லை என்றேன். பயம் என்ற சொல்லைக் கேட்டதும் காக்காவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "உனக்கு ஒண்டும் தெரியா. போ," என்றார். அவர் என்னை அப்படி வெளியே போகச் சொன்னது அதுதான் முதல்முறை.

அடுத்தது பள்ளி நிர்வாகி மரைக்கார். பலகையை நானே மாற்றி எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன், மனுசன் வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "மகள், ஊர்ப் பொடியன்மார் ஆமி எண்டா இப்பவும் கொதிக்கிறானுகள். குண்டு வெடிச்ச வருசம் வீடு வீடாப் பூந்து தேடினத ஆரு மறந்த? மையவாடிக்குள்ள எதுக்கு அந்தக் கதை? மையித்து மண்ணுக்குப் போயித்து, வேலையும் அதோட போயித்து," என்றார்.

"கடல் வந்த அண்டைக்கு நீங்க எப்படிக் கூப்பிட்டீங்க மரைக்கார்? 'அரச ஊழியரே ஓடி வாங்க' எண்டா? உங்கட மகனக் கதவில வெச்சித் தூக்கினது ஆரு?"

மனுசன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். பள்ளிக் கூட்டத்தில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். எத்தனை கூட்டம் வாப்பா? மூன்று கூட்டம் நடந்தது, ஒரு பதிலும் வரவில்லை.

நான் வென்ற சண்டைகளை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. ஒன்றில் தோற்றும் போனேன். என்னோடு படிப்பிக்கும் சுகந்தியை உங்களுக்குத் தெரியும், பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, பெருநாளைக்கு வட்டிலப்பம் வாங்கிப் போக வருவாள். இடைவேளையில் அவளிடம் இந்தப் பலகைக் கதையைக் கொட்டினேன். அவளுடைய அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி கொண்டு போனது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன், என் வாய் அப்படி.

அவள் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே இருந்தாள். பிறகு, "போடு ஜெஸீமா. உங்கட அப்பா, நீ போடத்தான் வேணும். எங்கட அண்ணனுக்குப் போட ஒரு பலகையும் இல்ல, நட ஒரு இடமும் இல்ல. அதனால என்ன மட்டும் பார்க்க வரச் சொல்லாத," என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டு என்ன செய்ய," என்றாள். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது, இரண்டு பேரும் எழும்பிப் போனோம்.

அன்றைக்குத்தான் நான் முன்பு உங்களிடம் கேட்ட கேள்வி நினைவு வந்தது. நீங்கள் யாரையாவது சுட்டீர்களா என்று கேட்டேன். "சண்டைக்குப் போனவன்ட்ட இதக் கேக்காத மகள். கேட்டா அவன் பொய்தான் சொல்லுவான். உனக்கு நான் பொய் சொல்ல விரும்பல்ல," என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா வாப்பா? சுகந்தியின் அண்ணனைக் கொண்டு போனவர்கள் போட்டிருந்ததும் நீங்கள் போட்டிருந்ததும் ஒரே உடுப்பு. அதை நான் கழுவி எடுக்க முடியாது, மறைக்கவும் மாட்டேன். உங்கள் பெருமைக்காக மட்டும் அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் விட்டதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. 'அரச ஊழியர்' என்று போட்டால் கேள்வியே இல்லாமல் போய்விடும்.

இப்படி மார்தட்டிக்கொண்டு திரிந்தவளை உம்மா ஒருநாள் லுஹர் தொழுத கையோடு கூப்பிட்டு உட்கார வைத்தா.

"காக்காவக் குறை சொல்லித் திரியிறத விடு புள்ள," என்றா. "நீ பிறக்க முந்தி நடந்த. உனக்குச் சொல்லப்படா எண்டு உங்கட வாப்பா சத்தியம் வாங்கினவரு."

நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பாம், ஆமியில் இருந்தவர்களை ஆயுத இயக்கத்தார் வீடு தேடி வந்து சுட்ட காலம். நீங்கள் லீவில் ஒளித்து வந்து பின் அறையில் நெல் மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தீர்களாம். பட்டப் பகலில் துப்பாக்கியோடு இரண்டு பேர் சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றார்களாம். ஒன்பது வயது காக்கா வாசலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார். வாப்பா எங்கே என்று கேட்டார்கள். "கொழும்பில, துணிக்கடையில நிக்காரு" என்று சொன்னார். உம்மா சோற்றோடு ஊட்டிப் பழக்கிய பொய் அது. அவர்கள் நம்பவில்லை. காக்காவைச் சைக்கிள் பாரில் ஏற்றிச் சந்தி வரைக்கும் கொண்டு போனார்கள். அங்கே வைத்து, துப்பாக்கியை அவர் தோளில் வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். பிள்ளை அதையேதான் சொல்லியிருக்கிறது. கொழும்பில, துணிக்கடையில.

"கொண்டந்து இறக்கி விட்டானுகள்," என்றா உம்மா. "காச்சட்ட நனஞ்சி கிடந்த. ஒரு மாசம் வாய் திறக்கல்ல. வாப்பா அவன்ட காலப் புடிச்சி அழுதாரு. எப்பயும் ஆரும் வாப்பாவப் பத்திக் கேட்டா அவன் முதல்ல ரோட்டப் பார்ப்பான், நீ கண்டதில்லயா?"

கண்டிருக்கிறேன். ஆயிரம் தரம் கண்டிருக்கிறேன், அது காக்காவின் பழக்கம் என்று நினைத்தேன்.

பள்ளியில் அறிவித்தலுக்கு விபரம் கேட்டபோது, நாற்பத்தைந்து வயது மனிதனின் கை அந்த ஒன்பது வயதுப் பொய்யைத் தானாக எழுதிவிட்டது. துணிக்கடை என்று எழுதாமல் விட்டாரே, அதுவே பெரிய காரியம். அந்தப் பொய் இல்லாவிட்டால் எனக்கு நீங்கள் இல்லை. நானே இல்லை. வீரம் பேசித் திரிந்தேனே, ஒரு நாளாவது உங்களைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டி வந்ததா எனக்கு? ஏன் வாப்பா இதை என்னிடம் சொல்லவில்லை? இந்த ஒன்றில் எனக்கு உங்களோடும் கோபம்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். ஆட்கள் நின்றார்கள், பார்க்கவில்லை. காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பலகை அப்படியே கிடக்கட்டும் காக்கா. ஆரும் கேட்டா நான் சொல்றன், நீங்க சொல்லத் தேவல்ல," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சண்டையை நானாக விட்டது அதுதான்.

காக்கா கையில் இருந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உம்மா சொன்னாவா?"

"ஓம்."

"ம்." பிறகு, "அது நான் சொன்ன பொய் ஜெஸீமா. நீ திருப்பி எடுக்கேலா, நான்தான் எடுக்கணும்," என்றார்.

கடைப்பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு பலகை எழுதுகிறவரிடம் போனார். அவர் 'இராணுவ வீரர்' என்று எழுதத் தொடங்க, "வீரர் கீரர் எல்லாம் வேணாம், வாப்பா சிரிப்பாரு. சிப்பாய் எண்டு போடுங்க," என்றார் காக்கா. 'ஓய்வுபெற்ற இராணுவச் சிப்பாய்'. பெயின்ட் காயும் வரைக்கும் இரண்டு பேரும் மரத்தடியில் நின்றோம்.

அஸர் தொழுது ஆட்கள் கலைகிற நேரம் அவர் மையவாடிக்குள் போனார். நான் சுவருக்கு வெளியே வீதியில் நின்றேன். பழைய பலகையைப் பிடுங்கினார், மணல்தானே, இலேசாக வந்தது. புதியதை நட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருக்கும்போது மரைக்கார் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஐந்தாறு பொடியன்மார்.

"நஸீர், ஆர்ட்டக் கேட்டு மாத்துற? கூட்டத்தில இன்னும் முடிவெடுக்கல்லயே. என்ன எழுதியிரிக்கி அதில?"

காக்கா நிமிர்ந்தார். உங்களுக்குத் தெரியும், காக்கா கடையில்கூடச் சத்தம் போட்டுப் பேசாத மனுசன். "எங்கட வாப்பா ஆமிக்காரர்!" என்றார். கடற்கரையில் தோணியடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமிக்காரர்! நான் ஆமிக்காரர்ர மகன்! கேட்டதா எல்லாருக்கும்?"

சொல்லி முடித்ததும் காக்கா என்ன செய்தார் தெரியுமா வாப்பா? வீதியைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. நானும் அவரோடு சேர்ந்து பார்த்தேன், கடைசி வரைக்கும் பார்த்தேன்.

ஒருவரும் வரவில்லை, வாப்பா.

காக்கா கபுறுக்குப் பக்கத்தில் அப்படியே மணலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நீங்கள் மவுத்தான அன்று அழாத மனுசன். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன்.

பள்ளியில் இன்னொரு கூட்டம் போடப் போகிறார்களாம். போடட்டும். நான் ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு அந்த வீதியால்தான் வருவேன். பலகை இல்லாத நாளில் வீட்டுக்குப் போக மாட்டேன். அவர்கள் பிடுங்கப் பிடுங்க நாங்கள் நடுவோம், நீங்கள் யாரென்று கேட்கிறவருக்கெல்லாம் சொல்வோம். கேட்காதவர்களுக்கும் சொல்வோம். இது உங்கள் மகள் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இதைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துப்பிழை பார்ப்பார் என்று நினைத்தேன். பேனையை வாங்கி, எனக்குக் கீழே தானும் கையெழுத்து வைத்தார்.

ஆமிக்காரர்ர மகள்,
ஜெஸீமா

ஆமிக்காரர்ர மகன்,
நஸீர்